டெலி கிட்டார் பாடியில் பைண்டிங் காடி: கொம்பு முனையில் சிராம்பு பெயருது

காட்பாடியிலிருந்து கேள்வி:
வணக்கம் அண்ணா. 1959-ல் ஃபெண்டர் விட்ட கஸ்டம் டெலிகாஸ்டர் எலக்ட்ரிக் கிட்டார் மாதிரி ஒரு பாடி செய்யுறேன், முன்னும் பின்னும் வெள்ளை பைண்டிங் (ஓரத்துல பதிக்கிற பட்டை). மாமரம், 44 மி.மீ. கனம். ஏபிஎஸ் பிளாஸ்டிக் பட்டை 1.5 மி.மீ. தடிமன், 6 மி.மீ. உயரம். ட்ரிம் ரூட்டர் (மரம் குடையிற சின்ன மெஷின்), பேரிங் வெச்ச ரேபட் பிட் (பட்டை உட்கார ஓரத்துல காடி வெட்டுற அலகு). சோதனைக் கட்டையில கொம்பு (நெக் பக்கத்துல பாடி நீட்டிக்கிட்டிருக்கிற இடம்) முனை பெயருது. காடி ஆழம் ஒரு இடத்துல 1.5 மி.மீ., இன்னொரு இடத்துல 1.2. நெக் பாக்கெட் (கிட்டார் கழுத்து உட்காருற பள்ளம்) இன்னும் எடுக்கல. எதை மாத்தணும்?

ராணிப்பேட்டையிலிருந்து பதில்:
பாக்கெட்டை இப்போதைக்கு எடுக்காதீங்க தம்பி. பேரிங் அந்தப் பள்ளத்துல விழுந்தா காடியும் கூடவே உள்ள போயிடும். ஜாக் (வயர் சொருகுற) துளையும் பைண்டிங் ஒட்டின பிறகுதான்.

ஆழம் மாறுறது பக்கச் சுவராலதான். பேரிங் வெட்டுக்குக் கீழே சுவரைத் தொட்டு ஓடுது. கீழ்ப்பக்கம் வெளியே சாய்ஞ்சிருந்தா பிட் தள்ளி நிக்கும், காடி ஆழம் குறையும். சுற்றிலும் மூலைமட்டம் வெச்சுப் பாருங்க. நீளக் கட்டையில 150 நம்பர் உப்புத்தாள் சுத்தி நேர் பண்ணிட்டு அப்புறம் ரூட்டரை எடுங்க. பேரிங் பாதையில ஒட்டின மரத்தூளும் இதே வேலையைச் செய்யும்.

பிட் விட்டத்துல பேரிங் விட்டத்தைக் கழிச்சுப் பாதியாக்கினா ஆழம்: 19-க்கு 16 போட்டா 1.5. உங்களுக்கு 1.4 போதும். பட்டை துருத்தினா சுரண்டிடலாம். உள்ள போச்சுன்னா மொத்தச் சுவரையும் தேய்க்கணும். பேரிங் ஓடுற இடத்துல 0.1 மி.மீ. டேப் ஒரு சுற்று ஒட்டினா கணக்கு சரியாயிடும்.

குடியாத்தம்:
கொம்புக்கு: மேலிருந்து பார்த்தா ரூட்டர் பாடியை இடஞ்சுழியா சுத்தணும். முனையில மட்டும் அந்தத் திசை ரேகைக்கு எதிரா வந்து நாரைக் கிளப்பும். மாமரத்துல ரேகை முறுக்கிக்கிட்டு ஓடும், அதனால இன்னும் மோசம். அங்க மட்டும் முன்கூட்டியே எதிர்த்திசையில, கொஞ்சம் கொஞ்சமா வெட்டி வெச்சிடுங்க. பிட் ரூட்டரை முன்னாடி இழுக்கும். பாடியை கிளாம்ப்ல இறுக்கி, ரெண்டு கையாலயும் பிடிக்கணும். முழுச் சுற்றையும் அப்படி ஓட்டாதீங்க. உயரத்தை 2, 4, 5.8 மி.மீ.னு மூணு தடவையா இறக்குங்க. கொம்புல ரூட்டர் அடித்தட்டு பாதி காத்துல நிக்கும், அதே கனத்துல ஒரு துண்டுக்கட்டையைப் பக்கத்துல முட்டுக்கொடுங்க.

ஆற்காடு:
ஒட்டுறதுக்கு ஃபெவிகால் ஏபிஎஸ்ஸைப் பிடிக்காது. பைண்டிங் துண்டுகளை அசிட்டோன்ல கரைச்சு, தேன் பதத்துக்குக் கொண்டுவாங்க. தண்ணியா இருந்தா பட்டையே இளகி, டேப் அழுத்தின இடம் பள்ளமாகும். நம்ம ஊர் வெயில்ல அசிட்டோன் தடவும்போதே பறந்துடும். காலையிலேயே ஆரம்பிச்சு, ஒரு தடவைக்கு ஒரு சாண் மட்டும் தடவுங்க. கொம்பு வளைவுக்குப் பட்டையை ஹேர் டிரையர்ல சூடாக்கி முதல்லயே வளைச்சு வெச்சுக்கோங்க. முன்பக்க இணைப்பை நெக் பாக்கெட் வர்ற இடத்துல வெச்சா பிறகு வெட்டுல போயிடும். மறுநாள் வரைக்கும் டேப்பைக் கழட்டாதீங்க.