பழைய ஸ்ட்ரோலர், தொட்டில், குழந்தைத் துணியில் சிகரெட் வாடை: வாசனை ஸ்பிரே இல்லாமல் போக்குவது எப்படி?

நிறைமாசம்:
செகண்ட் ஹேண்டில் வாங்கிய சாமான்கள்: அலுமினிய ஃபிரேம் ஸ்ட்ரோலர், தேக்குத் தொட்டில், அதற்கான சின்ன ஃபோம் மெத்தை, ஒரு மூட்டை பருத்தித் துணி. எல்லாவற்றிலும் சிகரெட் நாற்றம். துணியை மெஷினில் போட்டு ஃபேப்ரிக் கண்டிஷனரும் ஊற்றியாச்சு. இப்போது பூ வாசனையும் புகை வாடையும் சேர்ந்தே அடிக்குது. ஆப்ப சோடா தூவியும் பலனில்லை. வினிகர், வெயில், கரி என்று ஆளுக்கொன்று சொல்றாங்க. இதில் எது நிஜமாவே வேலை செய்யும்?

சலவைக்கல்:
முதல்ல கண்டிஷனரை நிறுத்துங்க. அது நூல் மேல கொழுப்புப் படலம் போட்டுடும், அழுக்கு அதுக்கடியில மாட்டிக்கும்.

சிகரெட் வாடைன்னா ரெண்டு சமாச்சாரம். ஒண்ணு தார், பிசுபிசுப்பான எண்ணெய்ப் பசை. இதுக்குச் சூடான சோப்புத் தண்ணிதான். இன்னொண்ணு நிக்கோடின். அது காரத்தன்மை உள்ளது. அமிலம் பட்டால் தண்ணியில் சுலபமாக் கரையிற உப்பா மாறிடும், வினிகர் உதவுறது இங்கேதான். ஆப்ப சோடாவும் காரம் என்பதால நிக்கோடினை ஒண்ணும் செய்யாது.

தார் மேலே மூடியிருக்கும், அதனால சோப்பு முதல்ல, வினிகர் பிறகு. 10 லிட்டர் சுடுதண்ணியில 2 டேபிள்ஸ்பூன் சலவை சோடா, வழக்கமான அளவு வாசனையில்லாத சோப்புத்தூள் போட்டு ஒரு மணி நேரம் ஊறட்டும். வெள்ளைப் பருத்தின்னா 60 டிகிரி வரை போகலாம், சாயத்துணிக்கு கை பொறுக்கிற சூடு போதும். தண்ணி டீ நிறத்துல இறங்கினா, வெளிறும்வரை இதையே திரும்பச் செய்யணும். நல்லா அலசிட்டு, வேற பக்கெட்டில் 10 லிட்டருக்கு அரை லிட்டர் வெள்ளை வினிகர் கலந்து அரை மணி நேரம். மறுபடி ரெண்டு அலசு, நேர் வெயில்ல காயப்போடுங்க. காயும்போது வினிகர் வாடை தானே போயிடும்.

சோடாவையும் வினிகரையும் ஒரே பக்கெட்டில் கலக்காதீங்க. நுரை பொங்குவது பார்க்க ஜோரா இருக்கும், ஆனா ரெண்டும் ஒண்ணையொண்ணு முறிச்சுக்கிட்டதுதான் அது. பிளீச்சிங் பவுடர் பக்கத்துல வினிகரைக் கொண்டே போகக்கூடாது, குளோரின் வாயு வரும்.

வாடை போச்சான்னு பார்க்க: காய்ந்த துணியில லேசாத் தண்ணி தெளிச்சு, பிளாஸ்டிக் கவர்ல கட்டி அரை மணி நேரம் வெயில்ல வையுங்க. பிரிச்சதும் வேற ஆளை மோந்து பார்க்கச் சொல்லுங்க, உங்க மூக்கு இதுக்குள்ள பழகியிருக்கும்.

சக்கரம்:
மேலே சொன்ன சலவை சோடா துணிக்கு மட்டும். அலுமினிய ஃபிரேமில் பட்டால் கறுத்துவிடும்.

துணியைக் கழற்றும் முன் பெல்ட் எந்த ஓட்டை வழியாகப் போகிறது என்று போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ஃபிரேமுக்கு ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நீரில் ஒரு டீஸ்பூன் பாத்திரம் கழுவும் லிக்விட் போதும். மடிப்பு மூட்டுகளைப் பழைய டூத் பிரஷால் தேயுங்கள். பிறகு ஒன்றுக்கு மூன்று பங்கு நீர் கலந்த வினிகரால் துடைத்து, உடனே நல்ல தண்ணீர்த் துணியால் துடையுங்கள். ஸ்பிரிங்கிலும் ரிவெட்டிலும் வினிகர் தங்கினால் துருப்பிடிக்கும்.

எல்லாம் கழுவியும் வாடை விடவில்லை என்றால் இரண்டு இடம் பாருங்கள். ஒன்று கைப்பிடியைச் சுற்றிய ஃபோம்: புகைத்த கை பிடித்த இடம் அதுதான். பிளேடால் கீறி எடுத்துவிட்டு வேறு கிரிப் போடுங்கள். மற்றது, சீட்டுக்குள் இருக்கும் அட்டை. சில மாடல்களில் தையலைப் பிரித்தால்தான் தெரியும். அட்டையைக் கழுவ முடியாது, அதே அளவில் பிளாஸ்டிக் ஷீட் வெட்டி மாற்றலாம். பெல்ட்டை எதிலும் ஊற வைக்க வேண்டாம், மிதமான சோப்பு நீரால் துடைத்தால் போதும். கார் சீட் பெல்ட்டுக்கும் இதேதான்.

நிறைமாசம்:
மெத்தையைக் காப்பாற்ற முடியுமா? வீட்டில் பெரியவர்கள் சாம்பிராணி போட்டால் எல்லாம் சரியாகும் என்கிறார்கள்.

உளியும்இழைப்பும்:
மெத்தையைத் தூக்கிப் போடுங்கம்மா. ஃபோமுக்குள் போன புகையை வெளியே எடுக்க வழியில்லை. வெயிலில் வைத்தால் சில நாள் குறைந்தது போல இருக்கும், குழந்தையின் உடம்புச் சூடு பட்டதும் திரும்ப வரும். வாடை அடங்கினாலும் படிவு போகாது. அப்படித் தங்கிய நிக்கோடின், அறைக் காற்றிலுள்ள நைட்ரஸ் அமிலத்தோடு சேர்ந்து புற்றுநோய் உண்டாக்கும் நைட்ரோசமைன்களாக மாறுவதை அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகம் 2010-இல் காட்டியது. இலவம்பஞ்சு மெத்தையாக இருந்தாலும் பஞ்சும் உறையும் இரண்டும் புதிது போடுவதே நல்லது.

சாம்பிராணியும் புகைதானே! பழைய புகை மேல் புதுப் புகை ஏறும், அவ்வளவுதான். கற்பூரம் கைக்குழந்தைக்கு ஆகாது, வலிப்பு வரை கொண்டுபோகும். அந்துருண்டை அதைவிட மோசம்: ஜி6பிடி என்ற என்சைம் பிறவியிலேயே குறைவாக உள்ள குழந்தைக்கு, அந்துருண்டை வைத்த துணியை உடுத்தினாலே ரத்தச் சிவப்பணுக்கள் உடையலாம்.

தேக்குத் தொட்டிலில் பாலிஷ் போட்ட பக்கத்தைச் சோப்பு நீர், பிறகு வினிகர் நீரால் துடைத்தாலே வாடை விடும். அடிப்பலகை, கம்பி நுழையும் துளை என்று பாலிஷ் படாத வெறும் மரம் தெரியும் இடங்கள்தான் புகையைக் குடித்திருக்கும். அங்கே 120 நம்பர் உப்புத்தாள், பிறகு 220 போட்டுத் தேய்த்து, தூசி துடைத்து, ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கு பாலிஷ் இரண்டு கோட். மிச்ச வாடையை அரக்கு உள்ளேயே அடைத்துவிடும். ஸ்பிரிட் வாடை முழுக்கப் போன பிறகே குழந்தையைப் போடணும். பெயின்ட் அடித்த பழைய தொட்டில் என்றால் உப்புத்தாளே தொடாதீர்கள். வீட்டுப் பெயின்டில் 90 பிபிஎம்-க்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் ஈயம் கூடாது என்ற விதி இந்தியாவில் 2017-இல்தான் அமலுக்கு வந்தது. அதற்கு முந்தைய பெயின்டின் தூளை யாரும் மூச்சில் இழுக்கக் கூடாது.

சலவைக்கல்:
கரி பத்திக் கேட்டீங்களே. அடுப்புக்கரி அவ்வளவா உதவாது. மீன்தொட்டிக் கடையில விக்கிற ஆக்டிவேட்டட் கார்பன் கால் கிலோ வாங்கி, கழுவிக் காயவெச்சு, துணிப்பையில கட்டி, கழுவின சாமானோட மூடிபோட்ட பெட்டியில மூணு நாலு நாள் வையுங்க. திறந்த ரூம்ல வெச்சா பிரயோஜனம் இல்லை. கழுவாத சாமானுக்கும் இது வீண்தான், காத்துல வர்றதை மட்டும்தான் கரி பிடிக்கும்.

இன்னொண்ணு: ஊர்லேருந்து வர்ற தொட்டில் சேலையில விறகடுப்பு வாடை இருந்தா கதை வேற. அந்த நெடி பெரும்பாலும் ஃபீனால் வகை, லேசான அமிலம். அதுக்கு வினிகர் வேண்டாம், சலவை சோடா ஊறலே போதும். பட்டுச்சேலைக்கு மட்டும் சோடா கூடாது, இழையை அரிச்சுடும்.