விண்வெளி நிலையத்தில் ஈய ஏப்ரன் ஏன் போடுவதில்லை?

எக்ஸ்ரே அக்கா, கிருஷ்ணகிரி:
பதினோரு வருஷமாக ஒரு ஸ்கேன் சென்டரில் எக்ஸ்ரே எடுக்கிறேன். ஏப்ரனுக்குள்ளே நெஞ்சில், உடம்பில் பட்ட கதிரை அளக்கும் டிஎல்டி பேட்ஜ் எப்போதும் இருக்கும். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ரீடிங்குக்கு அனுப்புவோம். 2025 ஜூனில் நம் விண்வெளி வீரர் சுபான்ஷு சுக்லா விண்வெளி நிலையத்துக்குப் போனதை டிவியில் பார்த்த என் மகள், “அம்மா, அவருக்கும் பேட்ஜ் உண்டா? ஏப்ரனைக் காணோமே?” என்றாள். ஈயம் வைத்தால் ராக்கெட்டுக்குப் பாரம் என்று சொல்லிச் சமாளித்தேன். அவள் நம்பவில்லை, எனக்கும் திருப்தியில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பென்னாகரம் வாத்தியார்:
பேட்ஜ் உண்டு அம்மா, உங்களுடையதற்குப் பங்காளி முறை. உங்கள் அட்டையில் இருக்கும் மூன்று வெள்ளை வில்லைகள் கால்சியம் சல்ஃபேட். அங்கே பெரும்பாலும் லித்தியம் ஃப்ளூரைடு. கதிர் பட்டதைப் படிகம் பிடித்து வைத்துக்கொள்ளும், சூடாக்கினால் வெளிச்சமாகக் கக்கும். கனமான அணுக்கருக்களை அது குறைத்துக் காட்டும் என்பதால் கூடவே ஒரு பிளாஸ்டிக் துண்டும் இருக்கும். கீழே வந்ததும் அதைக் காரக் (அல்கலி) கரைசலில் ஊறவைத்து, துகள் துளைத்த குழிகளை மைக்ரோஸ்கோப்பில் எண்ணுவார்கள். ஹங்கேரிக்காரர்கள் 1980-லேயே சல்யூட்-6 என்ற சோவியத் விண்வெளி நிலையத்துக்கு, பேட்ஜை அங்கேயே படிக்கும் ரீடரையே அனுப்பிவிட்டார்கள்.

பாரம் என்று நீங்கள் சொன்னது பாதி சரி. மீதிப் பாதிதான் சுவாரசியம். எக்ஸ்ரேயை ஈயம் விழுங்கிவிடும். அங்கே வருவதோ ஒளிவேகத்தை ஒட்டி ஓடும் புரோட்டான், இரும்பு அணுக்கரு. அது ஈயத்தில் மோதினால் நியூட்ரானும் வேறு சில்லறைத் துகள்களுமாகச் சிதறும். ஒரு கல்லைத் தடுக்கப்போய் பத்து ஜல்லி மேலே விழுந்த கதை. ஹைட்ரஜன் நிறைந்த தண்ணீரும் பாலிஎத்திலீனும்தான் அங்கே தோது. தூங்கும் அறைகளில் பாலிஎத்திலீன் பலகை வைத்திருக்கிறார்கள். ரஷ்யப் பகுதியில் 2010-ல் ஈரத்துண்டுகளையும் ஈரத் துடைப்பான்களையும் அடுக்கித் திரை மாதிரி வைத்துப் பார்த்தார்கள். கதிரளவு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது.

மாங்கூழ், காவேரிப்பட்டணம்:
ஈரத்துண்டா! நம்ம ஊர் வெயிலுக்குத்தான் அது என்று நினைத்தேன். சரி, ஆறு மாசம் இருந்தால் எவ்வளவு ஏறும்?

பென்னாகரம் வாத்தியார்:
சூரியனின் நிலையைப் பொறுத்து 80 முதல் 160 மில்லிசீவர்ட் (கதிரளவின் அலகு) வரை. அக்காவுக்கு ஐந்து வருஷச் சராசரியில் வருஷத்துக்கு 20தான் வரம்பு.

எக்ஸ்ரே அக்கா:
அம்மாடி! இன்னொரு சந்தேகம் சார். ஒரு தடவை கோட்டைக் கழற்றி எக்ஸ்ரே ரூமிலேயே ஆணியில் மாட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன், பேட்ஜும் அதிலேயே. மறுநாள் எனக்கு லீவு, படம் எடுத்தது வேறொருவர். அந்தக் காலாண்டு ரீடிங் எகிறி, விளக்கம் கேட்டுக் கடிதமே வந்துவிட்டது. வாங்கியது ஆணி, பதில் எழுதியது நான். அங்கேயும் பேட்ஜுக்குப் பட்டதும் உடம்புக்குப் பட்டதும் ஒன்றுதானா?

பென்னாகரம் வாத்தியார்:
இல்லை. அதற்காகவே மத்ரியோஷ்கா என்று ஒரு பொம்மை உடம்பு செய்தார்கள். வயிறு, நுரையீரல் என்று உள்ளே எல்லா இடத்திலும் டிஎல்டி. 2004-ல் நிலையத்தின் வெளிப்பக்கத்தில் கட்டி வைத்தார்கள், அப்புறம் உள்ளே கொண்டுபோனார்கள். சதையே கவசமாகிவிடுவதால் உள்ளுறுப்புகளுக்குப் போனது உடம்பின் மேற்பரப்பில் இருந்த மானி காட்டியதைவிடக் குறைவு. வெளியே இருந்தபோது அந்த வித்தியாசம் ரொம்பவே பெரிது.

எக்ஸ்ரே அக்கா:
மகளிடம் படித்துக் காட்டினேன். “அந்தப் பொம்மைக்கும் விளக்கம் கேட்டுக் கடிதம் வந்துச்சாம்மா?” என்கிறாள்.