முழங்கால் முன்பக்க வலி: உங்களுக்கு எதனால் வந்தது?

வாரம் மூன்று நாள் 5 கிலோமீட்டர் ஓடிக்கொண்டிருந்தவன், ஒரே மாதத்தில் 10 கிலோமீட்டருக்குப் போனேன். மேட்டுப்பாதையையும் சேர்த்துக்கொண்டேன். ஓடும்போது வலி தெரியவில்லை. மாடிப்படி இறங்கும்போதுதான் சுருக்கென்றது. அப்புறம் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து படம் பார்த்துவிட்டு எழுந்தால் முழங்கால் சில்லுக்குப் பின்னால் ஓர் இறுக்கம், காலை நீட்டினால்தான் அடங்கும். எங்கே வலிக்கிறது என்று கேட்டால் விரல் வைத்துக் காட்டத் தெரியாது, உள்ளங்கையால் முட்டியை மூடிக் காட்டுவேன்.

மூட்டு தேய்ந்துவிட்டதோ என்று வீட்டில் பயந்தார்கள். எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை. பிசியோதெரபிஸ்ட் கேட்ட முதல் கேள்வி, "போன இரண்டு மாசத்துல என்ன மாத்துனீங்க?" பிறகு கண்ணாடி முன்னால் ஒற்றைக் காலில் நின்று பாதி உட்காரச் சொன்னார். என் வலது முட்டி பெருவிரலைத் தாண்டி உள்பக்கமாகச் சாய்ந்தது, இடுப்பும் மறுபக்கம் இறங்கியது. கண்ணால் பார்த்த பிறகுதான் நம்பினேன்.

அவர் சொன்னது இதுதான்: தொடை எலும்பின் முனையில் உள்ள பள்ளத்தில்தான் சில்லு வழுக்கி ஓடுகிறது. எடையைத் தாங்கியபடி முட்டியை மடக்க மடக்க அங்கே அழுத்தம் கூடும். படி இறங்கும்போது அது உடல் எடையைப் போல் மூன்று மடங்கையும் தாண்டும். தொடையும் இடுப்பும் பழகுவதற்குள் சுமையை ஏற்றினால் அந்த இடம் எரிச்சலடைகிறது.

ஓட்டத்தை நிறுத்தவில்லை. சமதரையில் 3 கிலோமீட்டர், காலடியைச் சிறிதாக்கி வேகமாக வைத்தேன். வலிக்கு மதிப்பெண் போட்டால் பத்துக்கு மூன்று வரை இருக்கலாம், மறுநாள் காலைக்குள் அடங்கிவிட வேண்டும் என்பது கணக்கு. ஒருக்களித்துப் படுத்துக் காலைத் தூக்குவது, சுவரில் சாய்ந்து உட்காருவது, சின்னப் படியில் மெதுவாக இறங்குவது, இவைதான் பயிற்சி. முழுதாகச் சரியாக மூன்று மாதம் ஆனது.

மறுமொழி 1

எனக்கு வேறு மாதிரி. நான் வாலிபால் ஆடுகிறேன். சில்லின் கீழ் முனையில் ஒரே புள்ளி, ஒரு விரலால் அழுத்திக் காட்டுவேன். உடம்பு சூடானதும் வலி ஓடிவிடும், மறுநாள் காலையில் திரும்ப வந்துவிடும். சில்லை முழங்காலுக்குக் கீழுள்ள பெரிய எலும்போடு இணைக்கும் தசைநாண் பாதிப்பு என்றார்கள். இரண்டு மாதம் முழு ஓய்வு எடுத்தேன். அது பெரிய தவறு. ஆடப் போன முதல் வாரமே வலி வந்தது. எடை தூக்கி மெதுவாக உட்கார்ந்து எழுந்து, தசைநாணைப் பலப்படுத்திய பிறகுதான் மறுபடி குதிக்க முடிந்தது.

இன்னொரு கேள்வி, சில்லுக்கு டேப் ஒட்டினால் பலன் உண்டா?

மறுமொழி 2

என் மகனுக்கு 13 வயது, கால்பந்து. சில்லுக்குக் கீழே எலும்பு மேட்டில் புடைப்பு, தொட்டாலே கத்துவான். கட்டியோ என்று இரவெல்லாம் தூங்கவில்லை. வேகமாக வளரும் வயதில், தொடைத்தசை இழுக்கிற இழுப்பில் அந்த வளர்ச்சிப் பகுதி புண்படுவதாம். ஆஸ்குட் ஷ்லாட்டர் என்று பெயர். வளர்ச்சி முடிந்தால் பெரும்பாலும் வலி போய்விடும், புடைப்பு மட்டும் தங்கலாம் என்றார் மருத்துவர். ஆட்ட நாட்களைக் குறைத்திருக்கிறோம்.

முதலில் எழுதியவர்

டேப் எனக்கு முதல் சில வாரம் வலியைக் குறைத்தது, பயிற்சி செய்ய அது போதும். ஆனால் முட்டி வீங்கினால், பூட்டிக்கொண்டால், நடக்கையில் திடீரென்று மடங்கினால் டேப்பெல்லாம் ஒட்டிப் பார்க்காதீர்கள், நேரே மருத்துவரிடம் போங்கள்.