ஃபிலிம் ரெசிஸ்டன்ஸ் 150 மில்லிகெல்வினுக்குக் கீழ இறங்க மாட்டேங்குது, குவாண்டம் ஃப்ளக்சுவேஷனா?

கார்க்கோடன்: அவசரம், நாளைக்கு கைடுகிட்ட காட்டணும். காந்த ஃபீல்டு ஏத்தி ஃபிலிம (மெல்லிய படலம்) சூப்பர்கண்டக்டர்லேருந்து இன்சுலேட்டரா மாறுற இடத்துக்குக் கிட்ட கொண்டு போறேன், குளிர குளிர ரெசிஸ்டன்ஸ் குறையுது, ஆனா 150 வந்ததும் கர்வ் தட்டையாயிடுது. சூட்டால வர்ற தெர்மல் அசைவு அடங்கிடுச்சு, அப்ப மிச்சம் சூடு இல்லன்னாலும் இருக்கற குவாண்டம் அசைவு தானே?

ஹீலியம்வாளி: என்ன ஃபிலிம்? எத்தன நானோமீட்டர்? எவ்ளோ கரண்ட்? வயர்ல ரேடியோ அலைய தடுக்கற ஃபில்டர் இருக்கா?

நாலாம்வருஷம்: வயர் சரியா ஹீட் சிங்க் ஆகலன்னு, அதாவது ஃப்ரிட்ஜோட ஒட்டி குளிரலன்னு நெனைக்கிறேன். தெர்மாமீட்டர் மிக்ஸிங் சேம்பரோட (ஃப்ரிட்ஜுல ரொம்ப குளிர்ந்த பகுதி) சூட்டத்தான் சொல்லும், சாம்பிளோடத இல்ல. எனக்கு இதுலயே ரெண்டு மாசம் போச்சு ப்ரோ.

பழையஆள்: தம்பி, அடிப்படைய படிச்சுட்டு வாங்க. தட்டையானா குவாண்டம்னு ஆயிடாது. பல டெம்பரேச்சர்ல எடுத்த கர்வ் எல்லாம் ஒரே ஃபீல்டுல வெட்டிக்குதா, ஸ்கேலிங்ல (அச்சோட அளவ மாத்தி வரைஞ்சா) ஒண்ணு மேல ஒண்ணு விழுதான்னு பாக்கணும். 1989லயே மின்னசோட்டால பிஸ்மத் ஃபிலிம் தடிமன மாத்தி, 6.45 கிலோ ஓம் பக்கத்துல மாற்றம் நடக்குதுன்னு காட்டிட்டாங்க.

சுழல்: சார், அந்த 6.45 எல்லா ஃபிலிமுக்கும் பொருந்தல. ரெசிஸ்டன்ஸ விட நெர்ன்ஸ்ட் (காந்த ஃபீல்டுல ஒரு பக்கம் சூடாக்கி, குறுக்க வர்ற வோல்டேஜ அளக்குறது) தான் நம்பகம், சூப்பர்கண்டக்டர்ல உண்டாகுற கரண்ட் சுழல்கள் நகர்றத நேரடியா பிடிக்கும். 2024ல பிரின்ஸ்டன்ல ஒரே அடுக்கு டங்ஸ்டன் டைடெல்லுரைடுல கேட் வோல்டேஜ் வச்சு எலக்ட்ரான குறைச்சுட்டே வந்தாங்க, ஒரு அளவுக்குக் கீழ நெர்ன்ஸ்ட் சிக்னல் பட்டுன்னு போயிடுச்சு.

பழையஆள்: எல்லா லேப்லயும் நெர்ன்ஸ்ட் எடுக்க வசதி இருக்காது. பையன் கையில இருக்கறத வச்சு பேசுங்க.

சுழல்: வசதி இல்லன்னா முடிவையும் அவசரப்பட்டு சொல்லக்கூடாதுல்ல சார்.

கார்க்கோடன்: சாரி, சொல்ல விட்டுட்டேன். இண்டியம் ஆக்சைடு, 30 நானோமீட்டர், 10 நானோ ஆம்பியர். ஃபில்டர் எதுவும் போடல. பக்கத்துல லேப்டாப் சார்ஜர் சொருகினா லாக்-இன்ல (சின்ன சிக்னல அளக்குற கருவி) கடைசி ரெண்டு டிஜிட் குதிக்குது, அது சாதாரணம் தானே?

ஹீலியம்வாளி: சாதாரணம் இல்லப்பா, அதான் விஷயமே! ரேடியோ அலை வயர் வழியா இறங்கி எலக்ட்ரான சூடாக்குது, கீழ ஃப்ரிட்ஜ் எவ்ளோ குளிர்ந்தாலும் எலக்ட்ரான் குளிராது. 2019ல இண்டியம் ஆக்சைடுலயே இத பாத்தாங்க, ஃபில்டர் போட்டதும் அந்த தட்டை காணாம போச்சு. கரண்ட 1 நானோவுக்கு குறைச்சு கர்வ் மாறுதான்னும் பாரு. நாளைக்கு கைடுகிட்ட குவாண்டம்னு மட்டும் சொல்லிடாத.

கார்க்கோடன் (மூணு வாரம் கழிச்சு): ஃபில்டர் போட்டாச்சு அக்கா, 60 மில்லிகெல்வின் வரைக்கும் ரெசிஸ்டன்ஸ் இறங்குது. ரொம்ப நன்றி.

பழையஆள்: கர்வ் எல்லாம் ஒரே இடத்துல வெட்டிக்குதா?

சுழல்: நானும் அதத்தான் கேக்க வந்தேன்.