பாதியில் நின்ற ஓவிஏக்கள்: டல்லோஸ், மெகாஸோன் 23 வகையறாவை இன்று முழுசாகப் பார்க்க வேண்டுமா?

பழுப்புரீல்

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டிவிக்கும் போகாமல் தியேட்டருக்கும் போகாமல் நேராக வீடியோ கேசட்டில் வந்த ஜப்பானிய அனிமேக்களுக்குத்தான் ஓவிஏ என்று பெயர். 1983 டிசம்பரில் டல்லோஸ் தொடங்கிவைத்தது. அதிலிருந்து பத்து வருஷத்துக்கு வந்த அறிவியல் புனைவு ஓவிஏக்களில் பெரும்பாலானவை கதையாக நிற்கவில்லை.

டல்லோஸ் நாலு பகுதி. நிலவில் நடக்கும் கலகம் என்ன ஆனது என்று தெரியாது. டல்லோஸ் என்கிற அந்த ராட்சத இயந்திரம் என்ன என்றும் தெரியாது. மெகாஸோன் 23 முதல் பாகம் (1985), நாயகன் அடிவாங்கித் தள்ளாடி நடந்துபோவதோடு முடிகிறது. பபிள்கம் கிரைசிஸ் 13 பகுதி என்று திட்டமிட்டு 8இல் நின்றது. கேசட் விலையோ அந்தக் காலத்தில் பத்தாயிரம் யென்னை ஒட்டி. அவ்வளவு காசு கொடுப்பவருக்குக் கண்ணுக்கு நிறைவாக ஏதாவது கொடுத்தாக வேண்டும், அதனால் பணமும் உழைப்பும் இயந்திரத்துக்கும் வெடிப்புக்கும் போனது, திரைக்கதைக்குப் போகவில்லை. நல்ல அசைவுக் காட்சிகளை மட்டும் தேர்ந்து பார்த்தால் போதும் என்கிறேன். மறுப்பவர்கள் படத்தைச் சொல்லி மறுங்கள்.

மூன்றாம்தலைமுறை

டல்லோஸில் இருந்தே வருகிறேன். ஸ்டூடியோ பியரோ தயாரிப்பு, தொரியுமி ஹிசாயுகியும் ஒஷீ மமோருவும் இயக்கம். நிறையப் பேர் குழம்புவது ஒரு விஷயத்தில்: கதைப்படி இரண்டாவதாக வரவேண்டிய "ரிமெம்பர் பார்த்தோலோமியூ" தான் முதலில் கடைக்கு வந்தது. முதல் பகுதி அதற்குப் பிறகு, 1984இல். வெளியான வரிசையில் பார்த்தால் யார் யாரோடு சண்டை போடுகிறார்கள் என்றே புரியாது. கதை வரிசையில் பாருங்கள். ஒரே படமாக வெட்டிச் சுருக்கிய தொகுப்பில் ஆரம்பிக்காதீர்கள். அதில் அடிபடுவது சண்டைக்கு நடுவில் வரும் பேச்சுக் காட்சிகள், கதையே அவற்றில்தான் இருக்கிறது.

இனி டல்லோஸ் என்ன என்ற கேள்விக்கு. நிலவுக்குக் குடியேறிய முதல் தலைமுறைக் கிழவர்கள் அதைத் தெய்வமாகக் கும்பிடுகிறார்கள். பேரன்களான மூன்றாம் தலைமுறைக்கு அது கலகத்துக்கு ஒரு கருவி. பூமியின் அதிகாரிகளுக்கு ஒழுங்கைக் கெடுக்கும் தொல்லை. மூன்று பேருமே அதை யார் செய்தார்கள் என்று தெரியாமல்தான் வாழ்கிறார்கள். அது வேற்றுக்கிரகத்தார் செய்தது என்று நாலாம் பகுதியில் ஒருவர் எழுந்து விளக்கியிருந்தால், தாத்தாவுக்கும் பேரனுக்கும் நடுவில் இருக்கிற பிளவு அந்த நிமிடமே செத்துப்போயிருக்கும். பதில் சொல்லாமல் விட்டதைப் பட்ஜெட் கணக்கில் எழுதுவது நியாயமில்லை.

பழுப்புரீல்

மர்மத்தை விடுங்கள், ஒப்புக்கொள்ளலாம். ஆனால் ஷுன் என்கிற அந்தப் பையன் கலகக்காரன் ஆவதற்கு எவ்வளவு நேரம் கொடுத்திருக்கிறார்கள்? ஒரு துரத்தல், ஒரு கைது, முடிந்தது. டிவி தொடரில் ஐந்து வாரம் எடுத்துச் செய்கிற மாற்றம் அது. ஓவிஏ அளவு அந்தக் கதைக்குப் பொருந்தவில்லை என்பதுதான் என் குற்றச்சாட்டு. மெகாஸோனில் இது இன்னும் அப்பட்டம். டிவி தொடராகத் திட்டமிட்டு, ஸ்பான்சர் விலகியதும், இருந்ததைச் சேர்த்து 80 நிமிடச் சொச்சத்துக்கு ஒரே கேசட்டாக ஆக்கினார்கள். சினிமா எடுக்க ஆசைப்படும் நண்பர்களின் கிளைக்கதை நடுவில் அறுந்து தொங்குவது அதனால்தான்.

தரைப்படை

அளவு பொருந்தவில்லை என்றால் பொருந்திய படங்களையும் எடுத்துப் பேசணும் இல்லையா? நீங்கள் பிடித்த மூன்றுமே முடிக்காமல் விட்டவை என்று பெயர் வாங்கியவை.

பிளாக் மேஜிக் எம்-66 (1987). ஷிரோ மசமுனே தன் மங்காவை வைத்துத் தானே கிதாகுபோ ஹிரோயுகியோடு சேர்ந்து இயக்கியது. ஒரு மணி நேரம்கூட இல்லை. ராணுவத்தின் கொலை ஆண்ட்ராய்டுகள் இரண்டு தப்புகின்றன. ஒன்றைக் காட்டிலேயே பெரும்பாடுபட்டு முடிக்கிறார்கள். மற்றது, உருவாக்கிய விஞ்ஞானியின் பேத்தியைத் தேடி நகரத்துக்குள் போகிறது. முதல் சண்டையில் ஒரு படையே திணறுவதைக் காட்டிவிட்டதால், நகரத்தில் ஒரு பத்திரிகைக்காரி தனியாக அதன் முன்னால் நிற்கும்போது யாரும் வசனத்தில் அபாயத்தை விளக்கவேண்டியதில்லை. ஒரு நிமிடம் கூடுதலும் இல்லை, குறைவும் இல்லை.

சைபர் சிட்டி ஓடோ 808 (1990-91), கவாஜிரி யோஷியாகி, மேட்ஹவுஸ். மூன்றே பகுதி. வருஷம் 2808; முந்நூறு வருஷத்துக்கு மேல் தண்டனை பெற்ற மூன்று கைதிகளைப் போலீஸ் வேலைக்கு அனுப்புகிறார்கள், கெடு தாண்டினால் கழுத்துப்பட்டை வெடிக்கும். ஆளுக்கு ஒரு பகுதி. அந்தக் கெடுவே திரைக்கதையின் கடிகாரம் என்பதால் ஒவ்வொரு பகுதியும் தனியாக முடிகிறது.

அப்புறம் ஆர்மர் ஹண்டர் மெல்லோலிங்க் (1988-89), 12 பகுதி. வோட்டம்ஸ் என்கிற ரோபோப் போர்த் தொடரின் உலகம், ஆனால் நாயகனுக்கு இயந்திரக் கவசம் கிடையாது. காலாள். கிட்டத்தட்ட 4 மீட்டர் உயர ஏடிகளை (ஆள் ஏறி ஓட்டும் இயந்திரக் கவசங்கள்) நீளமான எதிர்ப்புத் துப்பாக்கி ஒன்றை வைத்துச் சாய்க்கிறான். குழலுக்குக் கீழே ஒரு இரும்பு ஆணி பொருத்தியிருக்கும். தோட்டா போகாத கவசத்தில் முனையை ஒட்டவைத்து அடித்தால்தான் துளைக்கும். ஆகவே ஒவ்வொரு பகுதியும் அந்த உயரத்துக்குக் கைக்கெட்டும் தூரம் வரை எப்படி நெருங்குவது என்ற ஒரே கணக்கு: இடம், பொறி, காத்திருப்பு. கதாபாத்திரம் பேசாமலேயே குணம் தெரிகிறது. இதில் நல்ல ஐந்து நிமிடத்தை மட்டும் வெட்டி எடுத்தால் ஆணி அடிக்கிற காட்சி கிடைக்கும், நெருங்குகிற காட்சி போய்விடும். உங்கள் யோசனை தோற்கிற இடம் அதுதான்.

பழுப்புரீல்

மெல்லோலிங்க்கைக் கொடுத்துவிடுகிறேன், 12 பகுதி கிடைத்ததால் மூச்சுவிட இடம் இருந்தது. விற்பனை மாதிரியே வேறாக இருந்தால் நீளமும் வரும் என்பதற்கு லெஜண்ட் ஆஃப் த கேலக்டிக் ஹீரோஸ் சாட்சி: சந்தா கட்டியவர்களுக்குக் கேசட் அனுப்பி 110 பகுதிவரை இழுத்தார்கள். ஓடோ 808இல் வெறும் தோரணைதான் எனக்குத் தெரிகிறது. டப்பில் பார்த்தால் அதுவும் காது கூசுகிறது.

வட்டுத்தட்டு

இங்கேதான் நான் குறுக்கிட வேண்டியிருக்கிறது. எந்தப் பதிப்பைப் பார்த்து இந்தத் தீர்ப்பைச் சொல்கிறீர்கள்? ஓடோ 808இன் பிரிட்டிஷ் பதிப்பில் ஜப்பானிய மூலத்தில் இல்லாத கெட்ட வார்த்தைகளை நிறையச் சேர்த்தார்கள். பின்னணி இசையையே மாற்றி ரோரி மெக்ஃபார்லேன் புதிதாகப் போட்டார். அந்த இசைக்கும் ரசிகர்கள் உண்டு, ஆனால் அது வேறு படம். மெகாஸோன் 23 முதல் பாகத்தின் காட்சிகளை இன்னொரு தொடரின் காட்சிகளோடு கலந்து 1986இல் ரோபோடெக் படமாக ஆக்கி, முடிவையும் புதிதாக வரையவைத்தார்கள். மூலத்தைப் பார்க்காமல் ஓவிஏவுக்குக் கதை இல்லை என்று சொல்வது அந்தப் படங்களுக்குச் செய்கிற அநியாயம்.

படத் தரமும் தீர்ப்பை மாற்றும். விஎச்எஸ் கேசட்டின் கிடைத் தெளிவு சுமார் 240 கோடு, லேசர்டிஸ்க் (எல்டி) என்கிற பெரிய வட்டில் 400க்கு மேல். நிறத்தில் விஎச்எஸ் இன்னும் மோசம்; சிவப்பு, கோட்டைத் தாண்டி வலப்பக்கம் வழியும். செல் என்கிற ஒளிபுகும் தாளில் வரைந்த மெல்லிய மைக்கோடுகள்தான் இந்தப் படங்களின் உயிர். தேய்ந்த டேப்பில் இருந்து எடுத்த கோப்பில் அவை எதுவும் மிஞ்சாது.

பழுப்புரீல்

அப்படியானால் ப்ளூரே வாங்கினால் போதுமே. எல்டியைத் தேடி அலைவது ஏன்? பழைய வட்டும், ஒளியும் நிறமும் ஒன்றாகக் கலந்த காம்போசிட் சிக்னலும் என்ன பெரிதாகக் கொடுத்துவிடப் போகின்றன?

வட்டுத்தட்டு

ப்ளூரே ஃபிலிமில் இருந்து ஸ்கேன் செய்ததாக இருந்தால் நானும் அதையே வாங்கச் சொல்வேன். 35 மிமீயில் எடுத்த ஏஞ்சல்ஸ் எக் (1985) நெகட்டிவ் இருந்ததால்தான் 2025இல் 4கே-யாக வந்தது. ஆனால் ஓவிஏக்களில் பல 16 மிமீயில் எடுத்தவை. 35 மிமீ சட்டத்தின் (ஃபிரேமின்) பரப்பு அதைப்போல நாலரை மடங்கு. சிலவற்றுக்கு ஃபிலிமே கைக்கு எட்டாமல், வீடியோ மாஸ்டரை ஊதிப் பெரிதாக்கி விற்கிறார்கள். பெட்டியில் ரீமாஸ்டர் என்று போட்டிருப்பதை வைத்து முடிவுகட்டாதீர்கள், இப்படிச் சோதியுங்கள்:

கேமரா அசையாத, நகர்வே இல்லாத ஒரு காட்சியில் ஒவ்வொரு சட்டமாக நகர்த்துங்கள். ஃபிலிம் ஸ்கேன் என்றால் மணல்மாதிரியான துகள் சட்டத்துக்குச் சட்டம் மாறும். ஒரே ஒரு சட்டத்துக்கு வெள்ளைத் தூசி வந்து போகும். சில இடங்களில் செல்லின் நிழல்கூடப் பின்னணி ஓவியத்தில் விழுந்திருக்கும். ஊதிய வீடியோ என்றால் சாய்ந்த கோடுகள் படிக்கட்டாகத் தெரியும், கோட்டின் இருபுறமும் வெள்ளை ஓரம் இருக்கும், நெருக்கமான கோடுகளில் வானவில் நிறம் ஊரும். படம் 1440×1080 அளவில் 4:3 ஆக இருக்கவேண்டும். திரை நிறைய 16:9 என்றால் உயரத்தில் கால்பங்கை வெட்டியிருக்கிறார்கள்.

மூன்றாவது வகைதான் ஆபத்து: நல்ல ஸ்கேனையே இரைச்சல் நீக்கியில் போட்டு வழித்துவிட்ட ப்ளூரே. இதை மெகாஸோன் மாதிரிப் படங்களின் ஒளிரும் திரைகளிலும் வாகன விளக்குகளிலும் பார்க்கலாம். அந்த ஒளி வண்ணம் பூசியதல்ல. கறுப்புத் தாளில் வடிவத்தை வெட்டி, அடியில் இருந்து விளக்கைப் போட்டு, ஃபிலிமைப் பின்னால் சுற்றி அதே சட்டத்தில் இரண்டாம் தடவை ஒளிபட வைப்பார்கள். அதனால்தான் ஒளி ஓரங்களில் கசிந்து மெல்ல மங்குகிறது. அந்த மங்கலைச் சீராகக் காட்டுவது அதில் உள்ள துகள்தான். துகளை வழித்தால் கசிவு வளையம் வளையமாகப் பட்டை போடும், மெல்லிய கோடுகள் இடையில் அறும். அந்த மாதிரி ப்ளூரேவைவிட ஒழுங்காகப் பிடித்த எல்டி மேல்.

மூன்றாம்தலைமுறை

ஒழுங்காகப் பிடித்த என்பதைக் கொஞ்சம் விரித்துச் சொல்லுங்கள். சுற்றில் இருக்கிற எல்டி கோப்புகளில் பாதி இருட்டாக இருக்கின்றன.

வட்டுத்தட்டு

இருட்டுக்குக் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான். ஜப்பானிய வட்டில் கறுப்பு 0 ஐஆர்இயில் (வீடியோ சிக்னலை அளக்கும் அலகு) இருக்கும். அமெரிக்க வழக்கம் 7.5. பிடிக்கும் கருவி 7.5ஐ எதிர்பார்த்தால் ஜப்பானியக் கறுப்பு, டிஜிட்டலில் கறுப்புக்கான அளவான 16க்குக் கீழே போய் வெட்டுப்படும். மெகாஸோனின் இரவுச் சாலைகள் முழுக்க மைப்பூச்சாகிவிடும், பின்னால் எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. கருவியை ஜப்பானிய என்டிஎஸ்சி வீடியோ முறைக்கு மாற்றுங்கள். அந்த வசதி இல்லையென்றால் பிடிக்கும் முன்பே பிரைட்னஸை ஏற்றி, ஒளி அளவுகளைக் காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடத்தில் இடது ஓரம் ஒட்டாமல் இருக்கிறதா என்று பாருங்கள்.

எல்டியில் இருப்பது காம்போசிட் சிக்னல். பிளேயரில் எஸ்-வீடியோ (ஒளியையும் நிறத்தையும் தனித்தனியாகத் தருவது) துளை இருக்கிறதே என்று கண்ணை மூடிக்கொண்டு அதில் செருக வேண்டாம். அப்போது நிறத்தைப் பிரிப்பது பிளேயருக்குள் இருக்கும் காம்ப் ஃபில்டர். பழைய பிளேயர் என்றால் காம்போசிட்டை வெளியே எடுத்து, நல்ல 3டி காம்ப் ஃபில்டர் உள்ள கருவியிடம் கொடுப்பதே மேல்.

அடுத்தது சட்டவேகம். 24 சட்ட ஃபிலிமை 3:2 முறையில் வீடியோவாக்கியிருப்பதால் ஐந்தில் இரண்டு சட்டம் சீப்புப்போல் பிளந்திருக்கும். அந்தப் பிளவை மழுப்பும் டீஇன்டர்லேஸ் போட்டால் கோடு தேயும், நகர்வும் தடுமாறும். ஃபீல்டுகளை (ஒரு சட்டத்தின் ஒற்றை வரிகள், இரட்டை வரிகள் என்ற இரண்டு பாதிகள்) பொருத்தி ஐந்துக்கு ஒன்றைக் கழித்து 23.976க்குக் கொண்டுவரவேண்டும். இதிலும் ஒரு சிக்கல்: வரைபடம் ஒவ்வொன்றும் மூன்று சட்டம் நிற்கிற அனிமேஷனில் இயல்பாகவே ஒரேமாதிரிச் சட்டங்கள் நிறைய. மென்பொருள் தப்பான ஒன்றைக் கழித்தால் அதே ஷாட்டில் பின்னணி நகரும்போது நடுக்கம் தெரியும். அந்த இடங்களில் கழிக்கும் வரிசையைக் கையால் கொடுக்கவேண்டும். வீடியோவில் தட்டெழுதிய இறுதிப் பெயர்ப் பட்டியல் 60 ஃபீல்டில் ஓடும், அதைத் தனியாக எடுத்துக்கொள்ளுங்கள்.

வட்டு அழுகலையும் பாருங்கள். இரண்டு பக்கத்தையும் ஒட்டிய பசை வழியாக அலுமினியப் பூச்சு துருவேறி, படத்தில் நிறப்பொட்டுகள் தூறும். ஒரு பக்கம் சுத்தமாகவும் மறுபக்கம் கெட்டும் இருக்கலாம். வாங்கும் முன் இரு பக்கத்தையும் ஓடவிட்டுப் பாருங்கள். வட்டிலிருந்து வரும் மூல ஆர்எஃப் சிக்னலை நேரடியாகப் பிடித்து எல்டி-டீகோடு மென்பொருளில் போடுபவர்களுக்கு ஒரு வழி உண்டு: ஒரே படத்தின் மூன்று வட்டுகளைப் பிடித்து அடுக்கினால் பொட்டுகள் ஒரே இடத்தில் விழாததால் நடுமதிப்பு சுத்தமாக வரும்.

பழுப்புரீல்

இத்தனை வேலையும் படத்தின் தோலுக்கு. என் கேள்வி எலும்பைப் பற்றியது. 1440×1080 ஆனாலும் மெகாஸோன் முதல் பாகம் முடியாத படம்தானே? இரண்டாம் பாகத்தில் (1986) கதாபாத்திர வடிவமைப்பாளரே மாறி, அதே ஷோகோ வேறொரு ஆள்போல வந்து நிற்கிறான். இதைத் தொடர்ச்சி என்று எப்படி ஏற்பது?

தரைப்படை

முதல் பாகத்தை முடிந்த படமாகவே பாருங்கள் என்பேன். டோக்கியோ என்று நினைத்தது விண்கலத்துக்குள் கட்டிய செட்டு, எல்லோரும் காதலிக்கிற பாடகி ஈவ் ஒரு கணினி நிரல், 1980களின் சுகவாழ்வு வேண்டுமென்றே பராமரிக்கப்படுகிறது. இதைக் கண்டுபிடித்த ஒரு பையன் ராணுவத்தோடு தனியாக மோதினால் தோற்பான். ஜெயித்திருந்தால்தான் பொய். நண்பர்களின் சினிமாக் கதை அறுபடுகிறது என்றீர்கள். அந்தப் பெண் கொல்லப்படுவதால் அறுபடுகிறது. அந்த அறுபடல்தான் விளையாட்டுப் பையனைச் சண்டைக்குத் தள்ளுகிறது.

பழுப்புரீல்

கொலைக்கும் கடைசி மோதலுக்கும் நடுவில் அவனுக்குத் துக்கப்பட ஒரு காட்சிகூட இல்லை. தொடராக வந்திருந்தால் இருந்திருக்கும். அதில் நான் இறங்கிவரமாட்டேன். எம்-66ஐ மட்டும் ஜப்பானிய ஒலியோடு திரும்பப் பார்க்கிறேன். ஓடோவின் மூல இசையும் எந்த வெளியீட்டில் இருக்கிறது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வட்டுத்தட்டு

ஜப்பானிய எல்டியும் ஜப்பானிய டிவிடியும் மூல இசைதான். மேற்கத்திய வெளியீடு என்றால் பின்னட்டையில் ஒலித்தடங்களைப் பாருங்கள். ஆங்கில டப் மட்டும் என்றிருந்தால் வாங்க வேண்டாம். ஜப்பானியத் தடமும் இருந்தால், ஆரம்பப் பாடல் ஓடும்போதே தடத்தை மாற்றிக் கேளுங்கள். இசை மாறினால் இரண்டும் இருக்கிறது, மாறாவிட்டால் ஒன்றைத்தான் இரண்டிலும் போட்டிருக்கிறார்கள்.