பெண் பச்சோந்தி தரைக்கு இறங்கிய அன்று: நீங்கள் கண்டதைச் சொல்லுங்கள்

மண்வாசி:
வெய்ல்டு (வீட்டில் வளர்க்கப்படும் ஒரு பச்சோந்தி இனம்) பெண். உடம்பு கருத்து, மஞ்சளும் நீலமுமாகப் புள்ளி போட்டிருந்தது. சாப்பாட்டை நிறுத்திவிட்டுக் கூண்டுத் தரையிலேயே சுற்றிக்கொண்டிருந்தது, முட்டையிடப் போகிற அறிகுறி எல்லாம். முட்டையிட வைத்த தொட்டியில் மணல் சரியான ஈரம். தலையும் முன்காலும் குழிக்குள் போயாயிற்று, மண் பின்னால் வந்து விழுகிறது. அந்த நேரம் பார்த்து ஒருவர் கூண்டுக்கு முன்னால் வந்து குனிந்தார். தோண்டிய கை அப்படியே நின்றது. மெல்லப் பின்வாங்கி வெளியே வந்து, ஒரு கண்ணை மட்டும் அவர் பக்கம் திருப்பியது. கொஞ்ச நேரம் அசையாமல் இருந்துவிட்டுக் கிளை ஏறிவிட்டது. அந்தக் குழிக்கு அது திரும்பவே இல்லை. அந்தக் கண் திரும்பியதுதான் இன்னும் மனதில் நிற்கிறது.

கூண்டின் மூன்று பக்கமும் முன்புறக் கீழ்ப்பாதியும் துணியால் மறைத்த பிறகுதான் வேறு மூலையில் தோண்டி முட்டையிட்டது. தோண்டும்போது யாரோ பார்க்கிறார்கள் என்று தெரிந்தால் குழியைக் கைவிடும். இரண்டு மூன்று முறை அப்படி நடந்தால் முட்டையை உள்ளேயே அடக்கிக்கொள்ளும். பார்த்தே ஆக வேண்டுமென்றால் சின்ன கேமரா ஒன்றை முன்கூட்டியே உள்ளே வைத்துவிடுங்கள்.

தொட்டிக்கு அகலம், ஆழம் இரண்டும் 30 செ.மீ. குறையக் கூடாது. கழுவிய மெல்லிய மணல் போதும். விரலை அடிவரை விட்டு எடுங்கள். துளை இடியாமல் நிற்க வேண்டும், அடியில் தண்ணீரும் தேங்கக் கூடாது. இடிந்தால் ஈரம் போதவில்லை. முட்டையிட்டதும் குழியை அதுவே மூடி மிதித்துக் கெட்டிப்படுத்தும். அதை முடிக்கவிடாமல் தூக்குவது கொடுமை. வயிறு ஒட்டி, முகமெல்லாம் மண்ணோடு மேலே வந்ததும் நிறையத் தண்ணீர் குடிக்கும், டிரிப்பரை (சொட்டுச் சொட்டாக நீர் விடும் கருவி) ஓடவிடுங்கள்.

கிளைநிழல்:
மறைப்பு முக்கியம்தான், மறுக்கவில்லை. ஆனால் தொட்டியைப் பற்றி மட்டும் பேசினால் பாதிதான் பேசியதாகும். எத்தனை முட்டை என்பது தரைக்கு இறங்குவதற்கு வெகு முன்பே முடிவாகிவிடுகிறது.

பட்டப்பகலில் தரையில் கண்மூடிக் கிடந்த ஒரு பெண் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. வயிற்றுத் தோலுக்கு அடியில் முட்டைகள் திராட்சைக் குலை மாதிரி புடைத்திருந்தன. கையில் எடுத்தபோது பிடிமானமே இல்லை. ஆண் துணையே இல்லாமல் வளர்ந்தது என்பதால் முட்டை பற்றிய நினைப்பே யாருக்கும் இல்லை. வெய்ல்டு பெண்ணுக்கு, ஆண் இல்லாவிட்டாலும் வயிற்றில் முட்டை உருவாகும். ஒரு வயதுக்குள்ளேயே தொடங்கிவிடும்.

தினமும் வயிறு முட்டத் தீனி, 32 டிகிரி செல்சியஸ் சூடு தரும் வெயில் விளக்கு. உடம்பு இதை நல்ல பருவம் என்று எடுத்துக்கொண்டு அறுபது எழுபது முட்டை வரை உருவாக்கிவிடும். வளர்ந்த பெண்ணுக்கு விளக்கின் கீழுள்ள வெயில் கிளையில் 27 டிகிரி போதும், ஒரு நாள் விட்டு ஒரு நாள் மூன்று நான்கு பூச்சி போதும். முட்டை இருபது முப்பதில் நிற்கும், ஆயுளும் கூடும். பகலில் கண்மூடினால் காத்திருக்காதீர்கள், அன்றே மருத்துவரிடம் போங்கள். எக்ஸ்ரே எடுத்து, கால்சியமும், முட்டையைத் தள்ளவைக்கும் ஆக்ஸிடோசின் ஊசியும் போட்டுப் பார்ப்பார்கள். வழி அடைத்திருந்தால் அறுவைதான். ஆக்ஸிடோசினை வீட்டில் போடவே போடாதீர்கள். அடைப்பு இருக்கும்போது போட்டால் முட்டைப்பை கிழியும்.

இலைநுனி:
மண்வாசி, வெறும் மணல் போதும் என்பதில் எனக்கு உடன்பாடில்லை. மணலோடு உரம் கலக்காத தோட்ட மண்ணைச் சரிபாதி சேர்த்தால் சுரங்கம் இன்னும் உறுதியாக நிற்கும். கிளைநிழல் சொன்ன தீனிக் கணக்கு சரி, ஆனால் குறைந்த முட்டையோடும் திணறுகிற பெண்கள் உண்டு.

நான் பார்த்தது அப்படி ஒன்று. நல்ல குழியாகத் தோண்டி முடித்தது, முட்டை மட்டும் வரவில்லை. பூச்சியைக் காட்டினால் குறிபார்த்து நாக்கை விடுகிறது. நாக்கு பாதி தூரம் போய்த் தொங்கி, மெல்ல உள்ளே இழுபடுகிறது. இது வெறும் நாக்குக் கோளாறு இல்லை, தசை சுருங்கக் கால்சியம் இல்லை என்று அர்த்தம். முட்டையைத் தள்ளுவதும் தசைதானே! மேலே இருந்தது சுருள் வடிவ யுவிபி (புற ஊதா பி கதிர்) பல்பு. அதன் ஒளி ஒரு சின்ன வட்டத்தில் மட்டும் விழும், அதைத் தாண்டினால் ஒன்றுமில்லை. யுவிபி இல்லாமல் தோலில் வைட்டமின் டி3 உருவாகாது. டி3 இல்லாமல் குடல் கால்சியத்தை எடுக்காது. பிறகு உடம்பு எலும்பைக் கரைத்து முட்டைக்குக் கொடுக்கும்.

யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் எழுதிவிடுகிறேன். வாங்க வேண்டியது நீளக் குழல் வடிவ டி5 ஹெச்ஓ (அதிக ஒளி தரும் மெல்லிய குழல்) யுவிபி விளக்கு, 6 சதவீதம் அல்லது 5.0 என்று போட்டிருப்பது. கூண்டின் வலைமேல் வைத்தால், கிளையில் உட்காரும் பச்சோந்தியின் முதுகு 20 முதல் 25 செ.மீ. கீழே இருக்க வேண்டும். வலை ஒளியில் ஒரு பகுதியைத் தின்றுவிடும். புற ஊதா அளவி வைத்துப் பார்த்தால் முதுகு உயரத்தில் யுவி இண்டெக்ஸ் (புற ஊதாக் கதிரின் வலிமை எண்) 3 வந்தால் போதும். அளவி இல்லாதவர்கள் வெளிச்சம் நன்றாகத் தெரிந்தாலும் ஆண்டுக்கு ஒருமுறை குழலை மாற்றுங்கள், யுவிபி முன்னதாகவே தேய்ந்துவிடும். டி3 இல்லாத கால்சியம் தூளை ஒவ்வொரு தீனிக்கும் லேசாகத் தூவுங்கள். டி3, மல்டிவைட்டமின் கலந்த தூள் மாதம் இரண்டு முறை. வெள்ளை வெளேரென்று பூச்சியை மூழ்கடிக்க வேண்டாம், அளவு மீறினால் கழுத்தில் நீர்ப்பை போல வீங்கும். கிரிக்கெட் பூச்சிக்கு முந்தின நாளே கீரையும் கேரட்டும் கொடுத்துவிடுங்கள். பட்டினிப் பூச்சியில் சத்தே கிடையாது. மிஞ்சின பூச்சியை இரவில் கூண்டில் விடாதீர்கள், தூங்குகிற பச்சோந்தியைக் கடிக்கும்.

அடைகாப்பு:
முட்டையிட்ட பிறகு நடப்பதை யாருமே சொல்லவில்லையே. ஒரு டப்பா குப்பைக்குப் போக இருந்தது. முட்டைகள்மேல் முத்து முத்தாக நீர், தோல் சுருங்கிப் பள்ளம் விழுந்திருக்கிறது. அழுகிவிட்டது என்று முடிவு கட்டிவிட்டார்கள். மோந்து பார்த்தால் நாற்றமில்லை, பூசணமும் இல்லை. அது பொரிப்பதற்கு முந்தைய வியர்ப்பு. அடுத்த நாளே ஒரு முட்டை நுனியில் நட்சத்திரமாகக் கீறி மூக்கு எட்டிப் பார்த்தது.

தயவுசெய்து சீக்கிரம் எறியாதீர்கள். 25 முதல் 28 டிகிரியில் வெய்ல்டு முட்டைக்கு ஆறு முதல் ஒன்பது மாதம் ஆகும். டப்பாவில் வெர்மிகுலைட்டும் (ஈரம் பிடித்து வைக்கும் கனிமத் துகள்) தண்ணீரும் எடையில் சம அளவு. கையில் இறுக்கிப் பிழிந்தால் ஓரிரு சொட்டு வரலாம், ஒழுகக் கூடாது. ஒழுகினால் முட்டை அளவுக்கு மீறி நீர் இழுத்து வெடிக்கும். விரலால் சின்னக் குழி அமுக்கி, பாதி புதையுமாறு, இரண்டு செ.மீ. இடைவெளியில் வையுங்கள். எடுக்கும்போதே மேல்பக்கம் பென்சிலால் புள்ளி வைத்துக்கொள்ளுங்கள், அதைப் புரட்டவே கூடாது. வாரம் ஒருமுறை மூடியைத் திறந்து காற்று விட்டால் போதும். முட்டை முன்கூட்டியே குழிந்தால் டப்பா ஓரத்தில் கொஞ்சம் நீர் விடுங்கள், முட்டைமேல் விடாதீர்கள்.

துளி:
அடைகாப்பு சொன்னது வெய்ல்டுக்கு. பேந்தர் என்ற வேறு பச்சோந்தி இனத்தின் முட்டை வைத்திருப்பவர்கள் அப்படியே பின்பற்ற வேண்டாம். அதன் கரு தொடக்கத்தில் உறங்கும். குளிர்ந்த காலம் ஒன்று கடந்து, பிறகு சூடு ஏறினால்தான் எல்லாம் ஒன்றுபோல் வளரும். முதல் ஆறு வாரம் 18 முதல் 20 டிகிரி, அதன்பின் 24 முதல் 26 என்று வைப்பது நல்ல வழக்கம். பத்து மாதம் தாண்டினாலும் பதற வேண்டாம்.

மூக்கு வெளியே வந்து ஒரு நாள் வரை அசையாமல் இருந்தாலும் குஞ்சை இழுக்காதீர்கள், மஞ்சள் கருவின் பை குஞ்சின் வயிற்றுக்குள்ளே போய்க்கொண்டிருக்கும். இழுத்தால் பை கிழிந்து இரத்தம் போகும். இறக்கை இல்லாத பழ ஈயும் குண்டூசித் தலை அளவுக் கிரிக்கெட்டும்தான் முதல் தீனி, மெல்லிய தூவல் நீர் பகலில் சில முறை. சேர்த்து வைத்தால் பெரிய குஞ்சுகள் மேல் கிளையைப் பிடித்துக்கொள்ளும். ஒன்று மட்டும் பழுப்பேறிக் கீழேயே ஒடுங்கி, மற்றது வந்தால் கிளைக்குப் பின்னால் மறைந்தால் அன்றைக்கே தனிக் கூண்டுக்கு மாற்றுங்கள். சண்டை போடவில்லையே என்று விட்டுவிடாதீர்கள், பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாலே சின்னது தின்பதை நிறுத்திவிடும். தனிக் கூண்டுகள் ஒன்றையொன்று பார்க்காதபடி நடுவில் அட்டை வையுங்கள்.