மான் எண்ணுவதற்கும் ஒரு பெரிய உத்தியோகமா?

கோண்டாவில்_பெடியன் கேட்டது:

வணக்கம். தலைப்பைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம், நானும் முதலில் சிரித்தவன்தான். கிளாஸ்கோவில் இருக்கிற மச்சாள் ஒரு வேலை விளம்பரத்தை வட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தாள். ஸ்கொட்லாந்தில் காட்டு மான்களைக் கட்டுக்குள் வைத்திருக்கும் கொள்கை, அதற்கான தரவு, இரண்டையும் முன்னின்று நடத்த ஆள் வேண்டுமாம். "நீ புள்ளிவிபரவியல்தானே படித்தாய், குரங்கு எண்ணினவனுக்கு மான் எண்ணத் தெரியாதா" என்று கீழே ஒரு வரி வேறு.

குரங்குக் கதை உண்மை. 2025 மார்ச் 15 காலை 8 மணியிலிருந்து 8.05 வரை நாடு முழுக்கக் குரங்கு, மயில் எல்லாம் எண்ணச் சொன்னார்களே, அன்றைக்கு நான் புதுக்குடியிருப்பில் மாமி வீட்டு முற்றத்தில் படிவத்தோடு நின்றேன். அந்த ஐந்து நிமிடமும் ஒரு வால்கூடக் கண்ணில் படவில்லை. பூச்சியம் என்று எழுதிக் கையெழுத்தும் வைத்தாயிற்று. 8.20க்குக் கூரையில் ஏழு பேர், ஒருவர் கையில் மாமியின் பப்பாப்பழம்.

அதற்கு முன்பு ஓர் இடத்தில் பயிர்ச்சேதப் படிவங்களைக் கணினியில் ஏற்றும் வேலை ஒன்றரை வருடம் பார்த்தேன். முக்கால்வாசிப் படிவங்களில் சேதம் "50 வீதம்". கச்சானுக்கும் 50, உழுந்துக்கும் 50, பன்றி தின்றாலும் 50, மயில் தின்றாலும் 50. இதை வைத்து என்ன முடிவு எடுக்கிறது என்று மேலே இருந்தவரிடம் கேட்டேன். "தம்பி, பெட்டி எல்லாம் நிரம்பியிருக்குத்தானே, அது காணும்" என்றார்.

அதனால்தான் கேட்கிறேன். மானைச் சுடுவதை ஓர் அரசாங்கமே கொள்கையாக வைத்திருப்பது ஏன்? அந்தத் தரவு எப்படிப்பட்டது? எங்கள் அனுபவத்தை வைத்துக்கொண்டு இப்படி ஒரு வேலைக்கு எழுதினால் பகிடியாகப் பார்ப்பார்களோ?

பருத்தித்துறை_இன்வெர்னஸ் எழுதியது:

தம்பி, நான் இங்கே காட்டுக் கணக்கெடுப்பு ஒப்பந்த வேலைகளில் ஆறு வருடமாக நிற்கிறேன், தெரிந்ததைச் சொல்கிறேன். ஸ்கொட்லாந்தில் நாலு வகை மான். செம்மானும் ரோ மானும் ஊர்க்காரர், சிகாவும் ஃபலோவும் வந்தேறிகள். 2020இல் மான் நிர்வாகத்தைப் பற்றி ஒரு பெரிய அறிக்கை வந்தது, 99 பரிந்துரைகள், மொத்தம் பத்து லட்சத்துக்குக் கிட்ட மான் இருக்கலாம் என்று அதில் மதிப்பிட்டிருந்தார்கள். ஓநாய் அற்றுப்போய் சில நூறு வருடமாகிறது, மானைத் தின்ன மனிதனை விட்டால் ஆள் இல்லை. நடந்து பார்த்தால் விளங்கும். மலைச்சரிவில் முழங்காலுக்குக் கீழே நுனி கடிபட்ட பேர்ச் மரக் கன்றுகள் இருக்கும், சிலது பத்துப் பதினைந்து வயது, உயரம் ஒரு சாண். ஒவ்வொரு மாரிக்கும், இங்கே அது குளிர்காலம், மான் கத்தரித்து விடுகிறது. வீதி விபத்து, சதுப்பு நிலம் மிதிபடுவது எல்லாம் இதற்கு மேலே.

இங்கே சிக்கல் என்னவென்றால் மான் யாருக்கும் சொந்தமில்லை. காணி யாருடையதோ சுடும் உரிமை அவருடையது. ஒருவர் ஆண் மான் வேட்டைக்கு ஆள் கூட்டிவந்து காசு பார்க்கிறவர், அவருக்கு மான் நிறைய வேண்டும். வேலிக்கு அந்தப் பக்கம் காடு வளர்க்கிறவர், அவருக்குக் குறைய வேண்டும். மானுக்கு வேலி தெரியாது. 1996ஆம் ஆண்டு மான் சட்டம் இந்த இழுபறிக்குத்தான்: முதலில் பேசி உடன்பாடு, சரிவராவிட்டால் மானைக் குறைக்கச் சொல்லிக் கட்டாயத் திட்டம். பொறுப்பு நேச்சர்ஸ்காட் என்ற அரச அமைப்பிடம். கட்டாயம் என்று வந்துவிட்டால் எதிர்ப்பக்கம் வக்கீலோடு வருவார்கள், அப்போது உன் எண் நிற்க வேண்டும். கொள்கையையும் தரவையும் ஒரே ஆளின் தலையில் வைப்பது அதனால்தான்.

சரி, தரவு. வெளிமலையில் மாரி காலத்தில் ஹெலிகொப்டரில் போய்ப் படம் எடுத்து எண்ணுவார்கள், பனி விழுந்திருந்தால் மான் கரும்புள்ளியாகத் தெரியும். இப்போது வெப்பம் பார்க்கிற ட்ரோனும் வந்துவிட்டது. காட்டுக்குள் அது அவ்வளவு சரிவராது, அங்கே புழுக்கை எண்ணுவது. பிறகு சுட்ட கணக்கு. அதுதான் உண்மையான புதையல் என்பது என் எண்ணம், ஏனென்றால் கிடங்கில் தொங்குகிற ஒவ்வொரு உடலிலும் எடை, தாடை எலும்பு பார்த்து வயது, பெண்ணென்றால் மடியில் பாலா, வயிற்றில் குட்டியா என்று பதியலாம். இதை வடிவாக எழுதுகிற வேட்டைக்காரனும் இருக்கிறான், எல்லா மானுக்கும் ஒரே எடை போடுகிறவனும் இருக்கிறான். உன் 50 வீதத்தை வாசித்ததும் எனக்கு அவன்தான் ஞாபகம் வந்தான்.

ஒரு பேச்சுக்குக் கணக்குச் சொல்கிறேன். ஆயிரம் மான், அதில் 600 பெண். நூறு பெண்ணுக்கு 35 குட்டி முதல் மாரியைத் தாண்டுகிறது என்று வை, 210 வருகிறது. பண்ணைக்காரர் 150 ஆண் சுட்டுவிட்டு "இவ்வளவு சுட்டோமே" என்பார். தானாகச் சாவதை விட்டுவிட்டால் மந்தை 1060 ஆகிவிட்டது, பெண்ணின் பங்கும் கூடிவிட்டது, அடுத்த வருடம் இன்னும் மோசம். பெண்ணைச் சுட வேண்டும், ஆனால் கொம்பில்லாத மானுக்கு யார் காசு கொடுப்பது? 2023 ஒக்டோபரில் ஆண் மானைச் சுடக் கூடாது என்று இருந்த தடைக் காலத்தை எடுத்துவிட்டார்கள். உதவிதான், ஆனால் முடிச்சு பெண் மானில் இருக்கிறது.

நல்லூர்_வீதி எழுதியது:

எல்லாம் சரி, வாயில்லாச் சீவனைச் சுட்டுத் தள்ளுவதற்கு எக்செல் கணக்கு ஒரு சாட்டு. நான் சைவம், மனது கேட்கவில்லை. திருகோணமலையில் கோணேசர் கோயிலுக்குப் போகிற வழியில் கோட்டைக்குள் மான்கள் நிற்கின்றனவே, சனம் வாழைப்பழம் கொடுக்கிறது, யாருக்கு என்ன குறை?

பருத்தித்துறை_இன்வெர்னஸ் எழுதியது:

அண்ணை, அந்த மான்கள் ரவுணுக்குள் வந்து குப்பைமேட்டில் பொலித்தீன் பை மெல்லுவதையும் பார்த்திருப்பீர்களே. இங்கே மாசி, பங்குனியில் மலையடிவாரத்தில் எலும்பும் தோலுமாக விழுந்து கிடக்கிற மானை நான் தூக்கியிருக்கிறேன். பட்டினி, வேறொன்றுமில்லை. எது பெரிய பாவம் என்று என்னால் சொல்ல முடியாது. கிரேக் மெகி என்று ஒரு மலை, 1985இல் அரசு வாங்கியது. வேலி போடவில்லை, ஆட்டை எடுத்தார்கள், மானைக் குறைத்தார்கள், இன்றைக்கு அந்தச் சரிவெல்லாம் பேர்ச் காடு. மான் இன்னமும் நிற்கிறது.

மாங்குளம்_கமக்காரன் எழுதியது:

தம்பி, ஸ்கொட்லாந்தை எங்களோடு அப்படியே பொருத்திப் பார்க்காதே. வன்னியில் சிறுத்தை இருக்கிறது, மானும் மரையும் கூடிப்போச்சு என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். சுடுவது இங்கே சட்டப்படி குற்றம், ஆனாலும் இறைச்சி களவாகப் போகிறது, பன்றிக்கு வைத்த சுருக்கில் மானும் மாட்டுகிறது, சிறுத்தையும் மாட்டுகிறது. அங்கே கூடினதை எப்படிக் குறைப்பது என்று எண்ணுகிறார்கள், இங்கே மிச்சம் இருக்கிறதா என்று எண்ண வேண்டும். ஆனால் எண்ணுகிற முறை ஒன்றுதான்.

புழுக்கைக் கணக்கை நான் ஒரு ஆய்வுக் குழுவோடு நாலு மாதம் நடந்து படித்தேன். ஒரு மான் நாளைக்கு 20 தரம் போடுகிறது, ஒரு குவியல் 100 நாள் அழியாமல் கிடக்கிறது என்று வை. அப்படியென்றால் எந்த நேரமும் ஒரு மானின் பெயரில் நிலத்தில் 2000 குவியல். ஒரு ஹெக்டயரில் 200 எண்ணினாயா, அது ஒரு மானில் பத்திலொரு பங்கு, நூறு ஹெக்டயர் சேர்ந்த ஒரு சதுர கிலோமீற்றருக்குப் பத்து மான். இங்கேதான் விளையாட்டு. எங்கள் மண்ணில் சாணி வண்டும் மாரி மழையும் சேர்ந்தால் 100 நாள் எங்கே, 50 நாளில் துப்புரவாகப் போய்விடும். வெளிநாட்டுப் புத்தகத்தில் இருக்கிற 100ஐ அப்படியே போட்டால் உண்மையில் 20 நிற்கிற இடத்தில் 10 என்று எழுதுவாய். அதனால் முதலில் புதுக் குவியல்களுக்குப் பக்கத்தில் குச்சி நட்டு, திகதி எழுதி, வாராவாரம் போய் எது கிடக்கிறது எது போயிற்று என்று பார்க்க வேண்டும். சலிப்பான வேலை. அந்தச் சலிப்பைத் தாங்குகிறவன்தான் இதற்கு ஆள்.

கோண்டாவில்_பெடியன் எழுதியது:

இப்போதுதான் கொஞ்சம் வெளிக்கிறது. என் குரங்குப் பூச்சியமும் இதே சங்கதிதான், காணவில்லை என்பதற்கும் இல்லை என்பதற்கும் நடுவில் ஒரு கணக்கு இருக்கிறது, அதை யாரும் போடவில்லை. விண்ணப்பத்தில் என்ன எழுத, அக்கா? அந்த 50 வீதக் கதையைச் சொல்லலாமா, மறைக்கிறதா?

பருத்தித்துறை_இன்வெர்னஸ் எழுதியது:

அதைத்தான் முதலில் எழுது. ஆனால் முறைப்பாடாக எழுதாதே. கமக்காரர் ஏன் 50 போட்டார்கள் என்று கேட்டுப் பார்த்தாயா? நட்டஈடு வரும் என்று நினைத்திருப்பார்கள், குறைத்துப் போட்டால் ஒன்றும் கிடையாது என்று பயந்திருப்பார்கள். இங்கேயும் அதே. சதுர கிலோமீற்றருக்குப் பத்துக்கு மேலே செம்மான் இருக்கக் கூடாது என்று 2020 அறிக்கை ஒரு மேல்வரம்பு சொன்னது, அப்படி ஒரு வரம்பு வந்துவிட்டால் காணிக்காரர் தன் எண்ணை அந்தப் பத்தோடு ஒப்பிட்டுத்தான் பேசுவார். படிவம் நிரப்புகிறவனுக்கு அந்த எண்ணால் என்ன லாபம், என்ன நட்டம் என்று யோசிக்கத் தெரிந்த ஆளைத்தான் தேடுவார்கள். ஆனால் முன்னின்று நடத்துகிற பதவி உடனே கிடைக்காது, கள அனுபவம் கேட்பார்கள். அதற்குக் கீழே ஆய்வு உதவியாளர் வேலைகளையும் பார்.

மாங்குளம்_கமக்காரன் எழுதியது:

கள அனுபவத்துக்கு ஏன் கடல் தாண்ட வேண்டும். ஒதுக்குக் காட்டுக்குள் அனுமதி இல்லாமல் கால் வைக்கக் கூடாது, ஆனால் என் காணி காட்டோரம், பின்பற்றைக்குள் புள்ளிமான் இரவில் வந்து போகிறது. சனிக்கிழமை முதல் பஸ்ஸில் வா. 20 மீற்றர் கயிறும் ஒரு கொப்பியும் காணும், புதுச் சப்பாத்துப் போட்டுக்கொண்டு வராதே. வருவதற்கு முன்பு உங்கள் பக்கத்து வீட்டு ஆட்டுக் கொட்டிலில் புழுக்கையை வடிவாகப் பார்த்துவிட்டு வா, என் வளவில் ஆடும் மேய்கிறது, போன முறை வந்த கம்பஸ் பெடியன் ஒரு நாள் முழுக்க என் ஆட்டைத்தான் எண்ணிவிட்டுப் போனவன்.